மஞ்சள் மூடிக் குழாய்

ஆஸ்பத்திரியில் அவளுக்குப் புள்ளியக்கா என்று பெயர். எதைக் கேட்டாலும் தசமப்புள்ளி வைக்காமல் அவளுக்குப் பதில் வராது. காய்ச்சலா என்று விசாரித்தால் "ஆமா, நூறு புள்ளி நாலு" என்பாள். தூங்கினீங்களா என்றால் "நாலு புள்ளி ஏழு அஞ்சு மணி நேரம்" என்பாள். அந்த வருஷத்தில் ஒரே ஒரு ராத்திரி தவிர அதற்கு மேல் அவள் தூங்கியதே இல்லை, பாவம்.

இரண்டாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. நோயாளியின் ரத்தத்தில் மருந்து எவ்வளவு ஓடுகிறது என்று அளந்து சொல்வது அவள் வேலை. எல்லா மருந்துக்கும் இந்தக் கவனிப்பு கிடையாது. வலிப்பு மருந்து மாதிரி சில பொல்லாத மருந்துகளுக்குத்தான். அளவு பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் இருக்க வேண்டும். குறைந்தால் வலிப்பு திரும்பும், கூடினால் மருந்தே ஆளைப் படுத்திவிடும்.

அளக்கிற வித்தைக்கு குரோமட்டோகிராஃபி என்று பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்பது சீரம். அதை ஒரு திரவத்தோடு சேர்த்து விரல் நீள எஃகுக் குழல் ஒன்றுக்குள் அழுத்தித் தள்ளுவார்கள். பஸ்ஸில் கையை வீசிக்கொண்டு வந்தவன் முதலில் குதிப்பான், மூட்டை முடிச்சோடு வந்தவன் கடைசியில் இறங்குவான் இல்லையா, அப்படித்தான் உள்ளே இருக்கிற ஒவ்வொன்றும் தனித்தனியாக இறங்கும். மருந்து இறங்கும்போது திரையில் ஒரு மேடு எழும். மேடு எவ்வளவு பெரிது என்பதே கணக்கு.

அவள் வீட்டிலும் இந்த மருந்து சாப்பிடுகிற ஆள் ஒன்று உண்டு. தங்கை மகள், பதினேழு வயது, செல்லப் பெயர் சிட்டு. தங்கையின் கணவர் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பார். அதனால் அக்காவும் தங்கையும் சிட்டுவும் ஒரே வீட்டில். சிட்டுவுக்குப் பதினான்கு வயதில் வலிப்பு வந்தது. மருந்து போட ஆரம்பித்து இரண்டு வருஷமாக வரவில்லை. மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நரம்பு டாக்டரிடம் காட்டி, கீழே ரத்தம் கொடுத்துவிட்டுப் போவாள். பெரியம்மாவின் இயந்திரம் பதின்மூன்று புள்ளி ஒன்று, பதின்மூன்று புள்ளி மூன்று என்று சொல்லிக்கொண்டே இருந்தது. வெளியூரில் துணி வடிவமைப்புக் கல்லூரி, விடுதியில் தங்கிப் படிக்கலாம் என்று டாக்டரே தலையாட்டியிருந்தார். சிட்டு அந்த விடுதி அறையின் திரைச்சீலை வரைக்கும் காகிதத்தில் வரைந்து வைத்திருந்தாள்.

அப்போதுதான் புது இயந்திரம் வந்தது.

பழையது ஒரு ரத்த மாதிரிக்கு இருபத்திரண்டு நிமிஷம் எடுத்து, நடுவில் முனகவும் செய்யும். புதியது நாலே நிமிஷத்தில் முடிக்கும். ரத்தமும் கொஞ்சம் போதும், சில துளி சீரம் இருந்தால் தாராளம். புள்ளியக்கா அதை நம்பி உடனே மாலை போட்டுவிடவில்லை, அந்த விஷயத்தில் அவள் கறார். மூன்று வாரம், பழைய மாதிரிகளையே இரண்டிலும் ஓட்டினாள். அளவு தெரிந்த கன்ட்ரோல் திரவத்தைக் காலை, மதியம், மாலை ஓட்டினாள். நடுவில் வெறும் திரவத்தை ஓட்டி, முந்தைய மாதிரியின் மிச்சம் ஊசியில் ஒட்டிக்கொண்டு வருகிறதா என்று பார்த்தாள். எல்லாம் புள்ளி சுத்தமாகப் பொருந்தியது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை சிட்டு ரத்தம் கொடுத்தாள். வழக்கம்போலத் திங்கட்கிழமை ஓட்டினார்கள். ஏழு புள்ளி ஒன்பது.

புள்ளியக்காவுக்கு முகம் சுண்டிவிட்டது. மறுபடி ஓட்டினாள். ஏழு புள்ளி ஒன்பதேதான். நரம்பு டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த வயசுப் பிள்ளைங்க இப்படித்தான் பண்ணுவாங்க. வலிப்பு வரலையேன்னு மாத்திரையை ஜன்னல் வழியா வீசிடுவாங்க. வீட்டுல கொஞ்சம் கவனிங்க."

கவனித்தார்கள். அன்று சாயங்காலம் சமையலறையிலேயே விசாரணை நடந்தது.

"நான் போட்டுட்டுத்தான் இருக்கேன் பெரியம்மா."

"அப்போ ரத்தத்துல ஏன்டி இல்லை?"

"எனக்கு எப்படித் தெரியும்? வலிப்பு வரலையே? போடாம இருந்தா வந்திருக்குமில்ல?"

நல்ல கேள்வி. சொன்னது பதினேழு வயசுப் பெண் என்பதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இதோ பாரு சிட்டு. மூணு வாரம் ராவும் பகலும் கிடந்து அந்த மெஷினைச் சோதிச்சிருக்கேன். நீ பொய் சொல்லலாம், நான் பொய் சொல்லலாம், அது சொல்லாது."

சிட்டு பெரியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அழக்கூட இல்லை, அதையும் நெஞ்சழுத்தம் என்றுதான் இவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த மாதம் எட்டு புள்ளி ஒன்று. தங்கை தபால் ஆபீஸ் கவுன்டரில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருபவள், அவளுக்குப் பொறுமை என்பது காலையிலேயே தீர்ந்துபோகிற சரக்கு. "இனி என்ன அக்கா பண்றது? காலைப் பிடிச்சுக் கெஞ்சவா?" என்று உட்கார்ந்துவிட்டாள். வார்டில் நர்சுகள் செய்கிற ஒரு முறையை அப்போது சொல்லிக்கொடுத்தவள் புள்ளியக்காதான்.

"எதிரிலேயே முழுங்கச் சொல்லு. முழுங்கின உடனே வாயைத் திறக்கச் சொல்லு. நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்லு. அடியிலதான் ஒளிச்சு வெப்பாங்க."

அன்றிலிருந்து காலையும் ராத்திரியும் அந்த வீட்டில் அது ஒரு சடங்கு. சிட்டு மாத்திரையை விழுங்குவாள், டம்ளரை வைப்பாள், வாயைத் திறந்து நாக்கைத் தூக்குவாள். அம்மாவோ பெரியம்மாவோ குனிந்து பார்த்து "ம்" என்பார்கள். பதினேழு வயசுப் பெண். விருந்தாளி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையும் அதைச் செய்ய வைத்தார்கள். வந்தவர் சுவரைப் பார்த்துக்கொண்டார்.

இத்தனைக்குப் பிறகும் மூன்றாம் மாதம் ஏழு புள்ளி ஆறு. டாக்டர் யோசித்தார். "உடம்பு மருந்தைச் சீக்கிரம் கரைக்குதோ என்னவோ" என்று மாத்திரையைக் கூட்டினார். அதுவும் போதவில்லை என்று இன்னும் ஒரு தடவை கூட்டினார். விடுதிக்கு ஒப்புதல் கடிதம் அவர் தர வேண்டும். அளவு நிலைக்கு வராமல் எப்படித் தருவார்? கடைசித் தேதி வந்தது, போனது. அந்தத் திரைச்சீலை வரைந்த காகிதத்தைச் சிட்டு என்ன செய்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

ஏழாம் மாதம் பதினான்கு புள்ளி ஆறு வந்தது.

"பார்த்தியா! நாக்கைத் தூக்க வெச்சதுக்கு இப்போதான் பலன்" என்று தங்கை தொலைபேசியிலேயே சிரித்துவிட்டாள். புள்ளியக்காவுக்கும் அப்பாடா என்றிருந்தது. அன்று ராத்திரி ஐந்தரை மணி நேரம் தூங்கினாள்.

ஆனால் வீட்டில் சிட்டு ஒரு தினுசாக இருந்தாள். டம்ளரைக் கீழே போட்டாள். பேச்சு இழுத்தது. கோடு போட்டால் கோணிக்கொண்டு போனது. "ரெண்டு ரெண்டா தெரியுதும்மா" என்றதற்கு, போனைப் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டுவிட்டது என்று போன்தான் பூட்டி வைக்கப்பட்டது. மறுமாத வெள்ளிக்கிழமை தங்கைக்கு லீவு கிடைக்கவில்லை. புள்ளியக்காவே வேலைக்கு நடுவில் சிட்டுவை டாக்டரிடம் கூட்டிப்போனாள்.

"அளவு சரியாத்தானே இருக்கு? பதினாலு புள்ளி ஆறு, அருமையான அளவு. அப்போ இது மருந்தால இல்லை. தலையை ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடுவோம்" என்றார் டாக்டர்.

ஸ்கேன் என்றதும் சிட்டுவின் முகத்திலிருந்த கொஞ்ச நஞ்ச ரத்தமும் வடிந்துவிட்டது. அறையை விட்டு வந்து படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்தாள். தாழ்வாரத்தில் கைப்பிடி இல்லை, சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள். கால்களை அகட்டி அகட்டி வைத்தாள். பின்னால் வந்த புள்ளியக்கா நின்றுவிட்டாள். இந்த நடையை அவள் அறிவாள். இருபத்தைந்தைத் தாண்டினவர்கள் இப்படித்தான் நடப்பார்கள்.

"சிட்டு, இங்க பாரு. என் விரலைப் பாரு. தலையைத் திருப்பாம கண்ணால மட்டும்."

விரலைப் பக்கவாட்டில் நகர்த்தினாள். சிட்டுவின் கண் விரலோடு நகர்ந்து, ஓரத்தில் போய் நிலைகொள்ளாமல் துடித்தது. கண் இருபத்தைந்துக்கு மேல் என்கிறது, இயந்திரம் பதினான்கு புள்ளி ஆறு என்கிறது. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும்.

பிள்ளையை லேப் வாசலில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, கன்ட்ரோலை ஓட்டினாள். நாலு நிமிஷம். கச்சிதமாக வந்தது. வெறும் திரவத்தை ஓட்டினாள், துளி அழுக்கு இல்லை. திரையில் மேடு வழக்கம்போல அழகாக நின்றது. அந்த அழகைப் பார்க்க அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. சோர்ந்துபோய், மதியம் ஓட்ட வேண்டிய வேறொன்றை எடுக்கக் குளிர்பெட்டியைத் திறந்தாள். உள்ளே அன்றைய வெள்ளிக்கிழமைக் குழாய்கள் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் மஞ்சள் மூடி.

மஞ்சள் மூடிக் குழாயின் அடியில் பசை மாதிரி ஜெல் இருக்கும். சுழற்றினால் அது நடுவில் வந்து நின்று, கீழே ரத்தம், மேலே சீரம் என்று சுவர் வைத்துவிடும். முன்பெல்லாம் ஜெல் இல்லாத சிவப்பு மூடி. சீரத்தை ஒவ்வொன்றாக உறிஞ்சி வேறு குப்பிக்கு மாற்றித்தான் குளிர்பெட்டியில் வைப்பாள். இதில் அந்த வேலை மிச்சம், அப்படியே வைத்துவிடலாம். ஒரு குழாயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். புது இயந்திரத்துக்குக் கொஞ்சம் போதும் என்று அவள்தான் சொல்லியிருந்தாள், அதனால் ரத்தமும் கொஞ்சமாகத்தான் எடுத்திருந்தார்கள். தடியான ஜெல்லின் மேல் அரை விரல்கடை உயரம்கூட இல்லாமல் சீரம் நின்றது. வெள்ளிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை இப்படியே நிற்கும்.

ஐயோ என்று வாய்விட்டே சொன்னாள். ஜெல் மருந்தைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

கன்ட்ரோல் திரவம் கடையிலிருந்து கண்ணாடிக் குப்பியில் வருவது. அது இந்த ஜெல்லைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. பிறகு எப்படிக் காட்டிக்கொடுக்கும்? மூன்று வாரம் ஒப்பிட்டுப் பார்த்தாளே, அந்தப் பழைய மாதிரிகளும் சிவப்பு மூடிக் குழாயில் வந்தவைதான். இயந்திரத்தின் ஒவ்வொரு திருகையும் சோதித்தவள் குழாயைச் சோதிக்கவில்லை.

சிட்டுவைக் கைப்பிடித்துக் கூட்டிக்கொண்டு கீழே ரத்தம் எடுக்கும் அறைக்கு இறங்கினாள். அங்கே இருப்பவர் பெரிய மீசைக்காரர். கொசுவைவிட மெதுவாகக் குத்துவேன் என்று எல்லாரிடமும் பெருமை அடிப்பார்.

"சிவப்பு மூடிக் குழாய் ஒண்ணு இருக்கா அண்ணே? இந்தப் பிள்ளைகிட்ட அதுல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு எடுங்க."

"சிவப்பா? அதை நிறுத்தி எட்டு மாசமாச்சும்மா. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"நானா?"

மீசைக்காரர் கோப்பைப் புரட்டித் தாளை எடுத்து நீட்டினார். 'குழாய் வகை மாற்றம். ஆட்சேபணை உண்டா?' இல்லை என்ற கட்டத்தில் ஒரு குறி. கீழே அவளுடைய கையெழுத்து, தேதியோடு. புது இயந்திரம் வந்து மூன்றாம் நாள். அவளுக்கு ஞாபகம் வந்தது. நின்றுகொண்டே போட்ட கையெழுத்து. சீரத்தை மாற்றுகிற வேலை இல்லை, நாளைக்கு இருபது நிமிஷம் முன்னால் வீட்டுக்குப் போகலாம் என்று சந்தோஷப்பட்டதுகூட ஞாபகம் வந்தது. அந்த இருபது நிமிஷமும் அவளுக்குக் கிடைத்தபாடில்லை, அது வேறு கதை.

அலமாரியின் மூலையில் தேடி ஒரு சிவப்பு மூடிக் குழாயைக் கண்டுபிடித்துக் கொடுத்தார் மீசைக்காரர். சிட்டு கையை நீட்டினாள்.

சிவப்பு மூடியின் சீரத்தை அப்போதே குப்பிக்கு மாற்றி ஓட்டினாள். இருபத்தேழு புள்ளி நாலு. மஞ்சளை அப்படியே குளிர்பெட்டியில் வைத்துப் பெயர் எழுதினாள், திங்கட்கிழமைக்கு. பிறகு டாக்டரைப் போனில் கூப்பிட்டாள்.

"ஸ்கேன் வேணாம் சார். மாத்திரையை இன்னிக்கே நிறுத்தணும். இருபத்தேழு புள்ளி நாலு."

"பதினாலுன்னீங்க?"

"தப்பு சார். முதல்ல எட்டுன்னு சொன்னதும் தப்பு. மஞ்சள் மூடிக் குழாய்ல இருக்கிற ஜெல் மருந்தைக் குடிச்சிருக்கு. அவ ஒழுங்காத்தான் போட்டிருக்கா. எப்பவும் பதிமூணுதான் இருந்திருக்கும். நாமதான் கூட்டிக் கூட்டி இங்க கொண்டுவந்து விட்டிருக்கோம்."

அந்தப் பக்கம் டாக்டர் தாள்களைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"இந்தக் குழாய்ல மொத்தம் எத்தனை பேருக்குப் பார்த்திருக்கீங்க?"

"சரிபார்த்துட்டுச் சொல்றேன் சார்."

"தோராயமா சொல்லுங்க."

"அறுபத்தி மூணு" என்றாள். தோராயமாகச் சொல்ல அவளுக்கு வராது. சிவப்பு மூடியில் முடிவு வருவதற்குள்ளேயே எண்ணிவிட்டிருந்தாள்.

திங்கட்கிழமை அந்த மஞ்சள் குழாயை ஓட்டினாள். ஒரே கை, ஒரே நேரத்தில் எடுத்த ரத்தம். பதினைந்து புள்ளி ஒன்று. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பழைய கையெழுத்துத் தாளையும் சேர்த்து, மேலிடத்துக்கு அவளே எழுதினாள். அறுபத்து மூன்று வீடுகளுக்கும் சொல்ல வேண்டும், திரும்பக் கூப்பிட வேண்டும், சிவப்பு மூடியில் எடுக்க வேண்டும். யார் பெயரையும் இழுக்கவில்லை. இனி எந்தக் குழாய் மாறினாலும் மருந்து கலந்த சீரத்தை அதில் மூன்று நாள் வைத்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது என்றும் எழுதினாள். இது ஏதோ புதுக் கண்டுபிடிப்பும் இல்லை, தொழிலில் தெரிந்த சங்கதிதான். தெரிந்தவளுக்கு அன்றைக்குத் தூக்கம் வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் சொன்னது அதைவிடக் கஷ்டம். தங்கை கேட்டுவிட்டுச் சுவரோரமாகவே உட்கார்ந்துவிட்டாள். "விருந்தாளி முன்னாடி வாயைத் திறக்க வெச்சேனேக்கா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சிட்டு கட்டிலில் படுத்திருந்தாள். புள்ளியக்கா ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"நீ சொன்னதுதான்டி உண்மை. நான்தான் தப்பு."

"நான் துப்பலைன்னு தெரிஞ்சுடுச்சா?" பேச்சு இன்னும் குழறியது.

"தெரிஞ்சுடுச்சு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"வேற குழாய்ல எடுத்து மெஷின்ல..." பாதியில் அவளுக்கே குரல் இறங்கிவிட்டது.

"மெஷின் சொல்லிச்சா" என்றாள் சிட்டு. கோபமாகக்கூட இல்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். புள்ளியக்கா அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

நான்கு வாரத்தில் சிட்டு நேராக நடந்தாள். டம்ளர் கையில் நின்றது. மருந்து பழைய அளவுக்கு வந்தது, சிவப்பு மூடியில் பதின்மூன்று புள்ளி இரண்டு. விடுதி போனது போனதுதான், அடுத்த வருஷம்தான் இனி. அறுபத்து மூன்று பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் திரும்ப வந்தார்கள். ஒன்பது பேருக்குக் கூட்டியிருந்த மருந்தைக் குறைத்தார்கள். மீதி ஐந்து பேரை வேலை முடிந்து பஸ் ஏறிப்போய்த் தேடிக்கொண்டிருந்தாள் அவள். நாக்கைத் தூக்கும் சடங்கை அன்றைக்கே நிறுத்தியாயிற்று. மாத்திரை டப்பாவும் சிட்டுவின் அலமாரிக்குப் போய்விட்டது. யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று தங்கை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

ஒரு காலை. புள்ளியக்கா பையை மாட்டிக்கொண்டு சமையலறைக்குள் தண்ணீர் பாட்டிலை எடுக்க வந்தாள். சிட்டு மேடையருகில் நின்று ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பெரியம்மாவைப் பார்த்து, "அந்தச் சட்டைக்கு இந்தப் பை பொருந்தவே இல்லை பெரியம்மா, கண்றாவியா இருக்கு" என்றாள். அந்தச் சமையலறை விசாரணைக்குப் பிறகு பெரியம்மாவிடம் அவளாக வந்து பேசிய முதல் பேச்சு. புள்ளியக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "போடி, நீ ஒண்ணு தெச்சுக் குடு" என்றாள்.

சிட்டு சிரித்துக்கொண்டே மாத்திரையை வாயில் போட்டாள், தண்ணீர் குடித்தாள், டம்ளரை வைத்தாள். பிறகு பெரியம்மாவின் முகத்துக்கு நேரே வந்து நின்று, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கினாள்.

யாரும் செய்யச் சொல்லவில்லை. அப்படிச் செய்கிறோம் என்பது சிட்டுவுக்கே தெரியவில்லை. பெரியம்மா "ம்" சொல்வதற்காக அப்படியே காத்துக்கொண்டிருந்தாள்.